ஒரு வரிக்கு எத்தனை வரி?

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில், இரண்டு டேபிளை இணைக்கும் ஜாயினைச் சொல்லித்தர உட்காரும் ஏறக்குறைய எல்லோருமே முதலில் இரண்டு வட்டம் போடுகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். நடுப்பகுதிக்கு வண்ணம் அடித்தால் இன்னர் ஜாயின், இடது வட்டம் முழுக்க அடித்தால் லெஃப்ட் ஜாயின், இரண்டு வட்டத்தையும் அடித்தால் ஃபுல் ஜாயின். பார்க்க நன்றாக இருக்கும், இன்டர்வியூவில் கேட்டால் போர்டில் வரைந்து காட்டவும் வசதி. ஆனால் அந்தப் படத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வேலைக்கு வரும் பிள்ளைகளின் க்வெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்க எழுதும் கேள்வியில், ஒரே மாதிரியான பிழை திரும்பத் திரும்ப வருகிறது. சேலத்தில் சின்னச் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிற எனக்கு இதை வாரம் தவறாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

வட்டப் படம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த கணங்கள் பாடத்தில் வருவது. ஒரு உறுப்பு இரண்டு கணத்திலும் இருந்தால் வெட்டுக்குள் ஒரே ஒரு தடவை வரும், அவ்வளவுதான். எஸ்க்யூஎல்லில் அந்த வேலையைச் செய்ய யூனியன், இன்டர்செக்ட், எக்ஸெப்ட் என்று தனியாகவே இருக்கின்றன. ஜாயின் செய்கிற வேலை வேறு. இந்த டேபிளின் ஒரு வரியையும் (ரோ) அந்த டேபிளின் ஒரு வரியையும் பக்கத்தில் வைத்து நிபந்தனை பொருந்துகிறதா என்று பார்க்கிறது, பொருந்தினால் இரண்டையும் ஒட்டி ஒரே நீள வரியாகக் கொடுக்கிறது. பொருந்துகிற ஜோடி ஆறு இருந்தால் ஆறு வரி, அறுபது இருந்தால் அறுபது வரி. இந்த எண்ணிக்கைதான் ஜாயினில் உயிரான விஷயம், வட்டத்துக்குள் அது எங்கேயும் தெரியாது.

ஆகவே ஜாயின் என்று டைப் அடிப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இந்தப் பக்கத்தில் ஒரு வரிக்கு அந்தப் பக்கத்தில் எத்தனை வரி பொருந்தும்? அப்புறம் அதையே திருப்பிப் போட்டு, அந்தப் பக்கத்தில் ஒரு வரிக்கு இந்தப் பக்கத்தில் எத்தனை? பொருந்தாத வரியை விட்டுவிடும் இன்னரா, பொருந்தாவிட்டாலும் இடது பக்கத்து வரியை வைத்துக்கொள்ளும் லெஃப்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் எப்படி நடக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வியாபாரி வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்குக் கொடுப்பார். பட்டறைக்காரர் கொலுசாகச் செய்து எடை போட்டுத் திருப்பிக் கொடுப்பார். கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் நடுவில் இருப்பதில் பட்டறையில் பாக்கி நிற்பது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கூலி தனி. ஒரே நாளில் கொடுத்ததெல்லாம் திரும்பி வந்துவிடாது. இரண்டு தடவை கொடுத்திருப்பார், மூன்று தடவையாக வந்திருக்கும், அதற்குள் அடுத்த கட்டி போயிருக்கும். டச், அதாவது வெள்ளியின் சுத்தம், அந்தக் கணக்கை இங்கே விட்டுவிடுகிறேன், எல்லாம் ஒரே டச் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேபிள்கள் மூன்று. பட்டறைகளின் பட்டியல் ஒன்று, வெள்ளி கொடுத்த பதிவு ஒன்று, கொலுசு வந்த பதிவு ஒன்று. பின்னால் சொன்ன இரண்டிலும் பட்டறை எண் இருக்கும். மாதக் கடைசியில் வியாபாரி கேட்பது ஒரே ரிப்போர்ட்தான்: பட்டறை வாரியாகக் கொடுத்தது, வந்தது, நிற்பது.

பெரும்பாலோர் எழுதுவது இப்படி. பட்டறை டேபிளோடு கொடுத்ததை ஜாயின் செய்கிறார்கள், வந்ததையும் ஜாயின் செய்கிறார்கள், இரண்டுக்கும் நிபந்தனை பட்டறை எண். பிறகு பட்டறை வாரியாகத் தொகுக்க குரூப் பை, இரண்டு எடையையும் கூட்ட சம். படித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஓடும், பிழைச் செய்தி வராது.

பதினான்காம் எண் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கொடுத்தது இரண்டு தடவை, 5 கிலோவும் 3 கிலோவும். வந்தது மூன்று தடவை, 2 கிலோ, 2.5 கிலோ, 3.2 கிலோ. கொடுத்தது 8, வந்தது 7.7, நிற்பது 300 கிராம். கையில் கூட்டினாலே தெரிகிற கணக்கு. ஜாயின் என்ன செய்கிறது? 5 கிலோ வரி வந்த வரிகள் மூன்றோடும் ஜோடி சேர்கிறது, 3 கிலோ வரியும் மூன்றோடும் சேர்கிறது. மொத்தம் ஆறு வரி. அதில் 5 மூன்று தடவை, 3 மூன்று தடவை, ஆகக் கொடுத்தது 24 கிலோ. வந்த வரி ஒவ்வொன்றும் இரண்டு தடவை, ஆக 15.4 கிலோ. நிற்பது 8.6 கிலோ. கொடுத்ததே எட்டுக் கிலோ, நிற்பது எட்டரைக்கு மேல்.

இப்படி ஒரு ரிப்போர்ட்டை, ஏற்கெனவே யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருளில் இருந்து அச்செடுத்து வைத்துக்கொண்டு ஒரு வியாபாரி என்னிடம் கேட்டார், "ஏனுங்க, பதினாலாம் நம்பருக்கு நான் எட்டுக் கிலோதானுங்க கொடுத்தேன், இதுல இருபத்திநாலுன்னு போட்டிருக்குதே?" அவருக்கு அந்தப் பட்டறையின் கணக்கு மனப்பாடம், அதனால் உடனே கேட்டார். எல்லாப் பட்டறைக்கும் அப்படி மனப்பாடம் இருக்காது. ஒரு தடவை கொடுத்து ஒரு தடவை வந்த பட்டறைகளுக்கு இதே ரிப்போர்ட் சரியாகவே காட்டும். ஒரு தடவை கொடுத்து மூன்று தடவை வந்திருந்தால் வந்தது சரி, கொடுத்தது மட்டும் மூன்று மடங்கு. கொடுத்து இன்னும் எதுவுமே வராத பட்டறை, இன்னர் ஜாயினாக இருந்தால், ரிப்போர்ட்டிலேயே இருக்காது. பாக்கி அதிகம் நிற்கிற இடமே காணாமல் போகிறது. சில வரி சரி, சில வரி தப்பு, சில வரி இல்லவே இல்லை என்பதால்தான் சோதித்துப் பார்க்கும்போது இந்தப் பிழை கண்ணில் படாமல் தப்பித்துவிடுகிறது.

இதைப் பார்த்ததும் அனுபவம் குறைந்தவர்கள் கை வைப்பது, ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட். செலக்ட்டுக்குப் பக்கத்தில் டிஸ்டிங்க்ட் போட்டால் இங்கே ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது குரூப் பை கூட்டி முடித்த பிறகுதான் வேலை செய்கிறது. சம்முக்குள் டிஸ்டிங்க்ட் போட்டால் பதினான்காம் எண்ணுக்கு 8 என்றும் 7.7 என்றும் சரியாக வந்துவிடும். இதுதான் பெரிய ஆபத்து. அடுத்த பட்டறைக்கு 5 கிலோ கட்டி இரண்டு தடவை போயிருந்தால், இரண்டு ஐந்தையும் ஒன்றாக எண்ணி 5 கிலோ என்று காட்டும், பத்து என்று காட்டாது. கட்டியை ஒரே எடையில் கொடுப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். ஜாயினால் வரி பெருகியதை மறைக்க டிஸ்டிங்க்ட் போட்டிருக்கும் க்வெரி எங்கே கண்ணில் பட்டாலும் நான் அதை அப்படியே விடுவதில்லை, பிரித்து மேய்ந்துவிடுவேன். டிஸ்டிங்க்ட்டுக்கு நியாயமான இடங்கள் உண்டு, இது அந்த இடம் இல்லை.

சரியான வழி, முதலில் கூட்டு, பிறகு சேர். கொடுத்த பதிவைப் பட்டறை வாரியாகத் தனியாகக் கூட்டினால் ஒரு பட்டறைக்கு ஒரே வரி. வந்த பதிவையும் அப்படியே. இப்போது பட்டறைப் பட்டியலோடு இரண்டையும் லெஃப்ட் ஜாயின் செய்தால் ஒன்றுக்கு ஒன்றுதான் பொருந்த முடியும், பெருகுவதற்கு வழியே இல்லை. க்வெரிக்குள் க்வெரியாக, அதாவது சப்க்வெரியாக எழுதலாம், வித் என்று ஆரம்பித்து இரண்டுக்கும் பெயர் வைத்து எழுதினால் படிக்க இன்னும் சுலபம். மைஎஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளில் வித் 8.0 பதிப்பில்தான் வந்தது, அதற்கு முந்தைய பதிப்பு இன்னும் ஓடுகிற இடங்களில் சப்க்வெரிதான். ஒன்றும் வராத பட்டறைக்கு வந்த எடை 'நல்' (NULL), அதாவது மதிப்பே இல்லை என்று வரும். 3 கிலோவில் இருந்து 'நல்' கழித்தால் விடையும் 'நல்'தான், 3 வராது, அதனால் கோஅலெஸ் போட்டு பூஜ்யமாக்கிவிட்டுக் கழிக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். இந்த ரிப்போர்ட்டுக்கு இரண்டு பதிவு டேபிள்களையும் ஜாயின் செய்யவே தேவையில்லை. கொடுத்ததைப் பிளஸ்ஸிலும் வந்ததை மைனஸிலும் வைத்து யூனியன் ஆல் போட்டு ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குங்கள், அப்புறம் ஒரே குரூப் பை. செவ்வாய்ப்பேட்டைக் கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் பற்று, வரவு என்று தேதி வாரியாக எழுதி வந்தது இதைத்தான். இதில் யூனியன் மட்டும் போட்டு ஆல் விட்டுவிட்டால், ஒரே நாளில் ஒரே எடையில் கொடுத்த இரண்டு வரி ஒன்றாகிவிடும், கவனம். இப்படி அடுக்கியதைத் தேதி வரிசையில் அச்செடுத்தால் பட்டறைக்காரரிடம் காட்டிப் பேசுவதற்கும் ஆகும். 8.6 கிலோ எப்படி வந்தது என்று ஜாயின் ரிப்போர்ட்டை வைத்து யாருக்கும் விளக்க முடியாது.

இந்த வரி பெருகும் விவகாரம் நேற்று முளைத்தது இல்லை. தரவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறைக்கே அடித்தளம் போட்ட எட்கர் காட், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 1970 ஜூனில் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. சப்ளையருக்கும் பாகத்துக்கும் ஒரு பட்டியல், பாகத்துக்கும் புராஜெக்ட்டுக்கும் ஒரு பட்டியல், இரண்டையும் பாகத்தை வைத்து இணைக்கிறார். ஒரே பாகத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுக்கு மேல் சப்ளையர், இந்தப் பக்கம் ஒன்றுக்கு மேல் புராஜெக்ட் இருந்தால், எந்த சப்ளையர் எந்த புராஜெக்ட்டுக்குக் கொடுத்தார் என்பது இணைப்பில் இருந்து தெரியாது, ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் இணைக்க முடியும் என்று சொல்லி, அந்தப் பாகத்தைத் தெளிவின்மைப் புள்ளி என்கிற பொருளில் குறிக்கிறார். நம் பதினான்காம் எண் பட்டறை அப்படிப்பட்ட ஒரு புள்ளிதான். எந்தக் கட்டியில் இருந்து எந்தக் கொலுசு வந்தது என்கிற தகவல் இரண்டு டேபிளிலும் இல்லை, அதனால் எல்லா ஜோடியும் வருகிறது. உண்மையில் அது வேண்டுமென்றால், கொலுசு வரும்போதே இது எந்த வழங்கலுக்கு எதிராக வந்தது என்று வழங்கல் எண்ணையும் பதிந்துகொள்ள வேண்டும். க்வெரியில் எவ்வளவு மெனக்கெட்டாலும் பதியாத தகவல் வராது. எட்கர் காட்டுக்கு 1981-இல் டூரிங் விருது கொடுத்தார்கள். ஜாயினைத் தினமும் எழுதுகிறவர்கள் அந்த 1970 கட்டுரையை ஒரு தடவையாவது படிக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன், நினைக்கிற அளவுக்கு அது கடினம் இல்லை.

காட் சொன்னதை எளிய ஆங்கில வாக்கியம் போல எழுதுகிற மொழியாக டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் கொண்டுவந்தார்கள். அப்போது அதன் பெயர் சீக்வல். ஆரம்பத்தில் ஜாயின் என்று தனி வாக்கியம் கிடையாது, ஃப்ரம்முக்குப் பிறகு டேபிள்களைக் கமா போட்டு எழுதி, வேர் (WHERE) பகுதியில் நிபந்தனையை வைப்பார்கள். ஜாயின், ஆன் என்று பிரித்து எழுதும் முறை 1992 தரநிலையில் வந்தது. ஆரக்கிள் டேட்டாபேஸில் அதற்குப் பிறகும் வெகுகாலம் பிளஸ் குறி போட்டுத்தான் அவுட்டர் ஜாயின் எழுத வேண்டியிருந்தது, 9ஐ பதிப்பில்தான் புது முறை வந்தது. கமா முறையில் எழுதிய க்வெரிகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, விடையிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் வேர் பகுதியில் பத்து நிபந்தனை இருக்கும்போது இணைப்பு நிபந்தனை ஒன்று விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. 400 பட்டறை, 9,000 வழங்கல் வரி, நிபந்தனை இல்லை என்றால் 36 லட்சம் வரி வந்து நிற்கும். போஸ்ட்கிரஸ் என்கிற இன்னொரு டேட்டாபேஸில் ஜாயின் என்று எழுதிவிட்டு ஆன் விட்டுவிட்டால் அங்கேயே பிழை காட்டி நிறுத்திவிடும். மைஎஸ்க்யூஎல் அந்த உதவியைச் செய்யாது, ஆன் இல்லாத ஜாயினை, எல்லா வரியையும் எல்லா வரியோடும் சேர்க்கும் கிராஸ் ஜாயினாக எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும்.

கிராஸ் ஜாயினே வேண்டும் என்று எழுதுகிற இடமும் உண்டு. ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ஒன்றின் கூலிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பறிப்புக் காலத்தில் அராபிகா பழம் ஒரே சமயத்தில் பழுக்காது, அதே செடிக்குச் சுற்றுச் சுற்றாகத் திரும்பி வர வேண்டும். யார் எந்த நாள் வந்தார் என்பது செக்ரோலில் இருக்கும், யார் எத்தனை கிலோ பறித்தார் என்பது எடைப் பதிவில் இருக்கும். வாரத்துக்கு ஏழு நாளும் எல்லாத் தொழிலாளருக்கும் ஒரு கட்டம் வேண்டும், வராத நாள் காலியாகத் தெரிய வேண்டும் என்றால், தேதிகளையும் தொழிலாளரையும் கிராஸ் ஜாயின் செய்து முதலில் எல்லாக் கட்டத்தையும் உண்டாக்கி, அதன் மேல் செக்ரோலை லெஃப்ட் ஜாயின் செய்ய வேண்டும். வராத நாளுக்கு எந்த டேபிளிலும் வரி கிடையாது, இல்லாத வரியை எந்த லெஃப்ட் ஜாயினும் தானாக உண்டாக்காது. போஸ்ட்கிரஸில் தேதிகளை உண்டாக்க ஜெனரேட் சீரீஸ் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் ஒரு நாட்காட்டி டேபிளே வைத்துக்கொள்வது நல்லது.

இதே எஸ்டேட் கணக்கில் லெஃப்ட் ஜாயினின் இன்னொரு பொறியும் இருக்கிறது. எல்லாத் தொழிலாளரையும் காட்டி, பக்கத்தில் இன்றைய எடை. தொழிலாளர் டேபிளோடு எடைப் பதிவை லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டு, வேர் பகுதியில் தேதி இன்று என்று எழுதுகிறார்கள். இன்று பறிக்காதவருக்கு எடைப் பதிவின் தேதி 'நல்'. 'நல்'லை எதோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, வேர் அதை வெளியே தள்ளிவிடும். லெஃப்ட் என்று எழுதியது வீண், அது இன்னர் ஜாயின் ஆகிவிட்டது. தேதி நிபந்தனை ஆன் பகுதிக்குப் போக வேண்டும். ஆன் என்பது யார் யாரோடு ஜோடி சேரலாம் என்று சொல்லும் இடம். ஜோடி சேர்ந்து முடிந்த பிறகு எந்த வரி நிற்கலாம் என்று சொல்லும் இடம் வேர்.

திருப்பியும் நடக்கும். தற்போது வேலையில் இருப்பவர்கள் மட்டும் வேண்டும் என்று அந்த நிபந்தனையை ஆன் பகுதியில் போட்டால், வேலையை விட்டுப் போனவர்களும் பட்டியலில் நிற்பார்கள், அவர்களுக்கு எடை மட்டும் 'நல்'லாக இருக்கும். இடது டேபிளை வடிகட்டும் நிபந்தனை வேரில்தான் இருக்க வேண்டும். இன்னர் ஜாயினில் எதை எங்கே போட்டாலும் விடை ஒன்றுதான் என்பதால், இன்னரையே எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் கையில் வருவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கிறது.

எண்ணும்போதும் பாருங்கள். லெஃப்ட் ஜாயினுக்குப் பிறகு கவுன்ட்டுக்குள் நட்சத்திரம் போட்டால், ஒரு எடையும் இல்லாத தொழிலாளருக்கும் 1 என்று வரும், ஏனென்றால் அவருக்கென்று ஒரு வரி நிற்கிறது. கவுன்ட்டுக்குள் எடைப் பதிவின் எண்ணைப் போட்டால்தான் 0 வரும். அப்புறம், எடை மதியம் ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை என்று போடுகிற எஸ்டேட்டில் செக்ரோலையும் எடைப் பதிவையும் நேராகச் சேர்த்து நாள் கூலியைக் கூட்டினால் கூலி இரட்டிப்பாகும். பட்டறைக் கதையேதான், மறுபடி விளக்கவில்லை.

செக்ரோலில் பெயர் இருந்தும் எடை இல்லாதவர்கள் யார் என்று எஸ்டேட் ரைட்டர் கேட்பார். களை எடுக்கப் போனவர்களா, மிளகுக் கொடி கட்டப் போனவர்களா, எடை எழுத விட்டுப்போனதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்விக்கு, எடைப் பட்டியலில் இல்லாதவர் என்ற பொருளில் நாட் இன் என்று எழுதுவதைத் தவிருங்கள். எடைப் பதிவில் ஒரே ஒரு வரியில் தொழிலாளர் எண் காலியாக இருந்தால் போதும், நாட் இன் ஒருவரையும் காட்டாது, பட்டியல் சுத்தமாக வெறுமையாக வரும். அந்தக் காலி எண் இவருடையதாக இருக்குமோ என்று டேட்டாபேஸால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே எவரையும் சேர்க்காது. எல்லோரும் எடை போட்டுவிட்டார்கள் என்று நினைத்து ரைட்டர் ஃபைலை மூடிவிடுவார். நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. லெஃப்ட் ஜாயின் செய்து வலது பக்கம் 'நல்' இருக்கிறதா என்று பார்ப்பதும் சரியே, ஆனால் பார்க்கிற ஃபீல்டு எப்போதும் நிரம்பியிருக்கும் பிரைமரி கீயாக (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்கட்டும், குறிப்பு மாதிரி காலியாக விடக்கூடிய ஃபீல்டை வைத்துச் சோதித்தால் எடை போட்டவரும் இல்லாதவர் பட்டியலில் வந்துவிடுவார்.

வேகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள், ஜாயின் போட்டால் மெதுவாகிவிடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. ஜாயின் மெதுவாவதற்கு முக்கால்வாசிக் காரணம், வரியைச் சட்டென்று தேடி எடுக்க உதவும் இன்டெக்ஸ் இல்லாததுதான். டேட்டாபேஸ் இரண்டு டேபிளை இணைக்க மூன்று முறை வைத்திருக்கிறது. நெஸ்டட் லூப்பில் இந்தப் பக்கம் ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கம் போய்த் தேடும், அந்தப் பக்கம் இன்டெக்ஸ் இருந்தால் வேகம், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் முழு டேபிளையும் படிக்கும். ஹாஷ் ஜாயின் என்பது, சேலம் லீ பஜார் மண்டியில் மாலையில் பில்களைப் பார்ட்டி வாரியாகத் தனித்தனிக் கம்பியில் குத்தி வைத்துவிட்டு, அப்புறம் வருகிற ரசீதை நேரே அந்தக் கம்பிக்குப் போய்ப் பார்ப்பது போல. சின்ன டேபிளை மெமரியில் அப்படிப் பிரித்து வைத்துக்கொண்டு பெரிய டேபிளை ஒரே ஓட்டமாகப் படித்துவிடும். இரண்டு பக்கமும் ஏற்கெனவே வரிசையாக இருந்தால் மெர்ஜ் ஜாயின். மைஎஸ்க்யூஎல்லில் ஹாஷ் ஜாயின் 2019-இல் 8.0.18 பதிப்பில்தான் வந்தது, அதுவரை நெஸ்டட் லூப்பும் அதன் வகைகளும் மட்டுமே. ஜாயின் மெதுவாகத்தான் இருக்கும் என்கிற எண்ணத்துக்கு அந்தக் காலத்து அனுபவமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்த டேபிளை முதலில் எடுப்பது என்பதை டேபிள் எழுதிய வரிசையைப் பார்க்காமல் டேட்டாபேஸே செலவு கணக்கிட்டு முடிவு செய்கிறது. ஐபிஎம்மில் பட்ரீசியா செலிங்கரும் குழுவினரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழிகாட்டியது. பத்து டேபிள் இருந்தால் வரிசைகள் மட்டுமே 36,28,800, அத்தனையையும் பார்க்காமல் நல்லதைக் கண்டுபிடிக்கும் வழியை அதில் சொன்னார்கள். அந்தக் கணக்கு சரியாக வர, ஒரு வரிக்கு எத்தனை வரி பொருந்தும் என்று டேட்டாபேஸும் ஊகிக்க வேண்டும், நாம் கேட்டுக்கொண்ட அதே கேள்விதான். க்வெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டால் ஊகித்த வரிகளும் உண்மையில் வந்த வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். 10 என்று ஊகித்து 2 லட்சம் வந்திருந்தால் பிரச்சினை அங்கேதான்.

இன்டெக்ஸ் விஷயத்தில் ஒன்று. இன்னொரு டேபிளின் வரியைக் காட்டும் ஃபாரின் கீ வைத்துவிட்டோம், இன்டெக்ஸ் தானாக வந்திருக்கும் என்று நம்பாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி அதைச் செய்யும், போஸ்ட்கிரஸ் செய்யாது, நாமே போட வேண்டும்.

இணைக்கிற ஃபீல்டு இரண்டு பக்கமும் ஒரே வகையா என்பதையும் பாருங்கள். ஒரு டேபிளில் பட்டறை எண் எண்ணாக 14 என்றும், எக்ஸெல்லில் இருந்து ஏற்றிய இன்னொன்றில் எழுத்தாக 014 என்றும் இருந்தால், போஸ்ட்கிரஸ் ஒப்பிட மறுத்துப் பிழை காட்டும். மைஎஸ்க்யூஎல் எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரும், எழுத்து ஃபீல்டின் இன்டெக்ஸ் பயன்படாது, க்வெரி தவழும். அதோடு 14 என்றும் 014 என்றும் எழுத்தாக இருக்கிற இரண்டு வரியும் ஒரே பட்டறையோடு ஜோடி சேரும், எழுத்தில் ஆரம்பிக்கும் குறியீடுகள் எல்லாம் பூஜ்யமாகிவிடும்.

கடைசியாக, பில்லுக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் ஒத்துப்பார்க்கும் வேலை. இந்தப் பக்கம் மட்டும் இருப்பது, அந்தப் பக்கம் மட்டும் இருப்பது, இரண்டிலும் இருப்பது என மூன்றும் வேண்டும் என்பதால் இதற்கு ஃபுல் ஜாயின்தான் பொருத்தம். மைஎஸ்க்யூஎல்லில் அது கிடையாது, லெஃப்ட் ஜாயின் ஒன்று எழுதி, எதிர்த்திசையில் பொருந்தாதவற்றை மட்டும் யூனியன் ஆல் போட்டுச் சேர்க்க வேண்டும். எஸ்க்யூலைட்டில் 2022-இல் வந்த 3.39 பதிப்பில் இருந்து உண்டு. யூபிஐ ரெஃபரன்ஸ் எண்ணை வைத்து இணைக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் இரண்டு டேபிளிலும் அந்த எண்ணை வைத்து குரூப் பை போட்டு, ஒன்றுக்கு மேல் இருப்பது ஏதாவது வருகிறதா என்று ஹேவிங்கில் பாருங்கள். ஒரே யூபிஐ பணத்துக்கு இரண்டு பில் போடுவது கடைகளில் சகஜம், அப்படி வந்தால் பில் தொகையைக் கூட்டி ஒரே வரியாக்கிவிட்டு இணையுங்கள். ரெஃபரன்ஸ் எண் காலியாக இருக்கிற ரொக்க பில்களை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், 'நல்' எதோடும் ஜோடி சேராது, விட்டால் அவை எல்லாம் பேங்க்கில் வராத பணம் என்ற பட்டியலில் வந்து குவியும்.